சர்வீஸுக்கு விட்ட கார் எவ்வளவு தூரம் ஓடலாம்? சில ஆண்டுகளின் அனுபவம்

காரை வாங்கிய நாளிலிருந்து ஒரே டீலரிடம்தான் சர்வீஸுக்கு விட்டு வருகிறேன். அங்குள்ள மெக்கானிக்குகள் கைதேர்ந்தவர்கள். பிரேக் வேலையிலோ இன்ஜின் வேலையிலோ இதுவரை அவர்களிடம் நான் ஒரு குறையும் காணவில்லை. ஆனால் வாரண்டி காலத்துக்குள் நடந்த ஒரு சர்வீஸில், ஆயிலும் ஃபில்டர்களும் மாற்றுவதற்காக மட்டுமே விட்ட கார், 74 கிலோமீட்டர் ஓடித் திரும்பி வந்தது. அதற்குக் கணக்குக் கேட்கப் போய் நிறையத் தெரிந்துகொண்டேன். அன்று முதல் ஒவ்வொரு சர்வீஸிலும் நான் கடைப்பிடித்துப் பார்த்த முறைகளில் எவை பயன்பட்டன, எவை பயன்படவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒர்க்‌ஷாப்பின் பக்கத்து நியாயம். வேலை முடிந்த காரை ஓட்டிப் பார்க்காமல் திருப்பித் தருகிற இடத்தை நான் நம்பமாட்டேன். வீல் அலைன்மென்ட் செய்த பிறகு ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்பது சாலையில்தான் தெரியும். புதிய பிரேக் பேட் போட்டால், மிதமான வேகத்திலிருந்து பல முறை வேகத்தைக் குறைத்து, பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும்படி ஓட்ட வேண்டும். எப்போதாவது மட்டும் வருகிற சத்தத்தைப் பிடிக்க, அது வரும் வேகத்திலேயே, அது வரும் வகைச் சாலையிலேயே ஓட்டியாக வேண்டும். முன்கண்ணாடியின் பின்னால் கேமரா பொருத்திய கார்களில் கண்ணாடியை மாற்றினால், அந்தக் கேமராவை மறுபடி அளவீடு செய்ய வேண்டும். சில மாடல்களில் காரின் முன்னால் குறிப்பலகைகளை நிறுத்தி ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே அதை முடித்துவிடலாம். சில மாடல்களில் கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டினால்தான் முடியும். டீசல் காரில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் அடைத்துக்கொண்டால், அந்தக் கரியை எரிக்க நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுவது ஒரு வழி. இன்ஜினின் பிழைக் குறியீடுகளை அழித்தால், புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கார் தானே செய்துகொள்ளும் சோதனைகள் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இரவெல்லாம் ஆறிய இன்ஜினை இயக்கி, நின்று நின்று போகும் சாலையிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டினால்தான் அவை நிறைவு பெறும். இதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

இவற்றில் எதற்காவது என் கார் பல பத்து கிலோமீட்டர் ஓடியிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். ஆயில் மாற்றிய காருக்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. லிஃப்டுக்கு ஏற்றுவது, கழுவக் கொண்டுபோவது, பிறகு பக்கத்துச் சாலையில் ஒரு சுற்று என எல்லாம் சேர்ந்தாலும் ஐந்தாறு கிலோமீட்டரில் முடிந்துவிடும். பத்தைத் தாண்டினால் காரணம் கேட்கலாம் என்பது என் கணக்கு. இருபதைத் தாண்டினால் கட்டாயம் கேட்க வேண்டும்.

சாவியைக் கொடுப்பதற்கு முன் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவது என் வழக்கம். அன்று அது இரண்டு செய்திகளைச் சொன்னது. ஒன்று, ஓடிய தூரம் 74 கிலோமீட்டர். மற்றொன்று, சராசரி வேகம் மணிக்கு 41 கிலோமீட்டர். பலரும் முதல் எண்ணைப் பார்த்துக் கோபப்பட்டு, இரண்டாவது எண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். என் காரில், இன்ஜின் ஓடிக்கொண்டு வண்டி நிற்கிற நேரமும் அந்தச் சராசரியில் சேர்ந்துவிடும். ஆகவே வளாகத்துக்குள் முன்னும் பின்னும் நகர்த்திய காருக்கு 41 வரவே வராது. 74-ஐ 41-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1 மணி 48 நிமிடம் வருகிறது. அவ்வளவு நேரம் யாரோ ஒருவர் என் காரைத் திறந்த சாலையில் ஓட்டியிருக்கிறார்.

மூன்றாவது சாட்சி என் போனில் இருந்தது. கார் லிஃப்டில் ஏறியிருக்கிறது என்று சர்வீஸ் அட்வைசர் எனக்குச் சொன்ன அதே மதிய வேளையில், சுங்கச்சாவடியில் என் கணக்கிலிருந்து கட்டணம் பிடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்திருந்தது. கண்ணாடியில் ஒட்டிய மின்னணு வில்லையை வைத்து எடுக்கப்படும் கட்டணம் அது. இடமும் நேரமும் அதிலேயே பதிவாகியிருந்தன.

“டெஸ்ட் டிரைவ் சார், எல்லா வண்டிக்கும் போவோம்” என்றார் அட்வைசர். எந்தப் பழுதைச் சோதிக்க என்று கேட்டேன். சத்தம் வந்ததாக மெக்கானிக் சொன்னார் என்றார். காரை விடும்போது செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் வாடிக்கையாளர் புகார் என்ற கட்டம் காலியாக இருந்தது. செய்த வேலைகளின் பட்டியலிலும் சத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைக் காட்டியபோது அவருக்கு மேற்கொண்டு சொல்ல ஏதுமில்லை. அவரிடம் குரலை உயர்த்துவதில் பயனில்லை என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பெரும்பாலான இடங்களில் அட்வைசர் வாடிக்கையாளருக்கும் பட்டறைக்கும் நடுவில் நிற்பவர். சாவி யார் கைக்குப் போனது என்பது அவருக்கே தெரிந்திருக்காது. சர்வீஸ் மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். கூடவே ஒன்றை எழுத்தில் கேட்டேன்: வாயிற்பதிவேட்டில் என் வண்டி எண்ணுக்கு எதிரே உள்ள வெளியே போன நேரம், உள்ளே வந்த நேரம், கையெழுத்து ஆகியவற்றின் நகல்.

இந்தப் பதிவேட்டைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர் வண்டிகளை வைத்திருக்கும் இடத்தில், காவலாளி எதையும் எழுதாமல் ஒரு வண்டியை வெளியே விட்டால் நாளைக்கு வண்டி காணாமல் போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் டெஸ்ட் டிரைவ் விவரத்தைக் குறிக்காத ஒர்க்‌ஷாப்கூட வாயிற்பதிவேட்டை வைத்திருக்கும். “ஏன் இவ்வளவு ஓட்டினீர்கள்?” என்ற கேள்விக்கு வாய்வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். “பதிவேட்டைக் காட்டுங்கள்” என்ற கோரிக்கைக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது.

சில நாட்களில் உண்மை வந்தது. வேறொரு வாடிக்கையாளரின் காருக்கு வேண்டிய உதிரிபாகத்தை எடுத்துவர, இன்னொரு கிளைக்கு என் காரை அனுப்பியிருக்கிறார்கள். நிறுவனத்தின் வண்டி அந்த நேரத்தில் கிடைக்கவில்லையாம். ஓட்டிப்போனவர் பணியில் இளையவர். அவர்மேல் நடவடிக்கை எடுக்கிறோம் என்றார் மேலாளர். அதை நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொன்னேன். சொன்ன இடத்துக்குப் போய்விட்டு வந்தவரைத் தண்டித்துவிட்டு, சாவியை எடுத்துக் கொடுத்தவரை விட்டுவிடுவது எந்த வகையில் நியாயம்? பெட்ரோலுக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் உரிய பணம், நடந்ததை ஒப்புக்கொள்ளும் கடிதம், சர்வீஸ் வரலாற்றில் இந்தத் தூரம் நிறுவனத்தால் ஓட்டப்பட்டது என்ற குறிப்பு: இவற்றைத்தான் கேட்டேன். பணம் உடனே கிடைத்தது. கடிதத்துக்கு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு வரைக்கும் எழுத வேண்டியிருந்தது. மூன்றும் கிடைத்தன.

74 கிலோமீட்டரில் என்ன குடிமுழுகிப்போயிற்று என்று நண்பர்கள் கேட்டார்கள். டயரும் இன்ஜினும் தேய்ந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் பொருள்களுக்கு அந்தத் தூரம் ஒன்றுமே இல்லை. என் கவலை வேறு. வாரண்டி ஆண்டுக் கணக்கோடு கிலோமீட்டர் கணக்கிலும் முடிகிறது. குத்தகையில் எடுத்த காருக்கு வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஓடும் தூரத்துக்கு ஏற்பப் பிரீமியம் வாங்கும் காப்பீடுகளும் இருக்கின்றன. இவற்றைவிடப் பெரியது விபத்து. எனக்குத் தெரியாமல் நெடுஞ்சாலையில் போன என் கார் யார் மீதாவது மோதியிருந்தால், அந்தப் பயணத்தைச் சர்வீஸ் வேலை என்று எந்தக் காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொள்ளும்? வேகக் கேமராவில் சிக்கியிருந்தால் அபராதச் சீட்டு முதலில் என் பெயருக்குத்தான் வந்திருக்கும். ஒர்க்‌ஷாப்கள் தங்கள் பொறுப்பில் உள்ள வண்டிகளுக்கெனத் தனிக் காப்பீடு எடுப்பதுண்டு. அது வளாகத்துக்கு வெளியே ஓடும்போதும் பொருந்துமா என்று நான் கேட்டபோது, மேலாளர் கோப்பைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். புதிய இடத்தில் காரை விடுகிறவர்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது.

சட்டமும் இந்த வகை மீறலை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஒரு வேலைக்காக ஒப்படைத்த பொருளை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை 1703-இல் இங்கிலாந்தில் காக்ஸ் - பெர்னார்ட் வழக்கில் தலைமை நீதிபதி ஹோல்ட் விளக்கினார். மேற்கே போவதற்காக இரவல் வாங்கிய குதிரையை ஒருவர் வடக்கே ஓட்டிச் சென்றால், அதற்கு நேரும் தீங்குக்கு அவர்தான் பொறுப்பு என்பது அவர் சொன்ன உதாரணங்களில் ஒன்று. என் காருக்கு நடந்ததும் அதுதான். ஓட்டுவதற்கு அனுமதி இருந்தது என்று டீலர் சொல்லலாம். எதற்காக ஓட்டுவதற்கு என்பதுதான் கேள்வி.

இனி நான் கையாண்ட முறைகள். மிகவும் பயன்பட்டது மிக எளியது: சாவியைக் கொடுக்கும் நொடியில், ஓடோமீட்டரும் எரிபொருள் அளவும் ஒன்றாகத் தெரியும்படி அட்வைசரின் கண்முன்னே ஒரு படம். படத்தைவிட அவர் முன்னால் எடுப்பதுதான் முக்கியம். இந்த வண்டிக்காரர் திரும்ப வந்து எண்ணைப் பார்ப்பார் என்பது அங்கேயே பதிவாகிவிடுகிறது. ஜாப் கார்டில் உள்ள கிலோமீட்டர் எண்ணையும் அப்போதே ஒத்துப் பார்த்துவிட வேண்டும். சில அட்வைசர்கள் கடைசி இரண்டு இலக்கங்களை விட்டுவிட்டு உருட்டி எழுதுவார்கள். நாளைக்கு வாதம் வந்தால் அந்த உருட்டல் அவர்களுக்குச் சாதகமாகிவிடும்.

அடுத்தது ஜாப் கார்டில் ஒரு வரி: “10 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டுமானால் உரிமையாளரிடம் தொலைபேசியில் அனுமதி பெற வேண்டும்.” இதற்கு முகம் சுளிப்பார்கள். கணினியில் இடமில்லை என்பார்கள். அச்சிட்ட தாளில் பேனாவால் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்டால் போதும். இந்த வரியை எழுதத் தொடங்கிய பிறகு என் கார் ஒரு முறைகூடக் காரணமில்லாமல் வெளியே போகவில்லை.

டேஷ் கேமராமேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் அது பாதிதான் உதவியது. பேட்டரியைக் கழற்றினால் கேமரா நின்றுவிடும். வண்டி பல மணி நேரம் விட்டுவிட்டு இயங்கும்போது மெமரி கார்டு நிரம்பிப் பழைய பதிவுகள் அழிந்துவிடும். யாரும் கேள்வி கேட்காமல் வயரைப் பிடுங்கிவிடவும் முடியும். கேமராவை விடுவதானால் ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். சம்மதமில்லாமல் பிறர் பேச்சைப் பதிவு செய்வது பல நாடுகளில் சட்டத்துக்கு எதிரானது. உள்ளே வேலை செய்பவருக்கும் அந்தரங்கம் உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கணினியோடு இணைக்க உதவும் ஓபிடி துளையில் செருகி, கார் ஓடுவதைப் பதிவு செய்யும் சிறு கருவியையும் பயன்படுத்திப் பார்த்தேன். தங்கள் ஸ்கேனரை மாட்டுவதற்கு மெக்கானிக் முதலில் கழற்றும் பொருளே அதுதான். சர்வீஸ் நாளுக்கு அது பயனில்லை.

உற்பத்தியாளரின் செயலியோடு இணைந்த காராக இருந்தால் நிலைமை மேல். கார் எங்கே நிற்கிறது என்பது தெரியும். குறித்த எல்லையைத் தாண்டினால் அறிவிப்பு வரும். சில கார்களில், காரைப் பிறர் கையில் கொடுக்கும்போது பயன்படுத்தும் வேலே மோட் என்ற வசதியால் வேகத்துக்கும் வரம்பு வைக்கலாம். வேக வரம்பைச் சர்வீஸுக்கு விடும்போது நான் வைப்பதில்லை. உண்மையான சோதனை ஓட்டத்தை அது கெடுத்துவிடும். எல்லை அறிவிப்பை மட்டும் வைக்கிறேன்.

பின்னொரு முறை முன்கண்ணாடியில் விரிசல் விழுந்து மாற்ற வேண்டியிருந்தது. அன்று மதியம் அட்வைசரே அழைத்தார். கேமரா அளவீட்டுக்காக நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும், மழை பெய்தால் கோடுகள் சரியாகத் தெரியாது, அதனால் இரண்டாவது சுற்றும் தேவைப்படலாம், போகலாமா என்று கேட்டார். கார் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் வந்தது. அளவீடு முடிந்ததற்கான அச்சுப்பிரதியைப் பில்லோடு சேர்த்துத் தந்தார்கள். அந்தத் தூரத்தைப் பற்றி எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. கேட்டுவிட்டு ஓட்டினார்கள், ஓட்டியதற்கு ஆதாரம் கொடுத்தார்கள். இதைத்தான் முதலிலிருந்தே எதிர்பார்த்தேன். இன்றும் அதே இடத்தில் காரை விடுவதற்கு அந்த ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு காரணம்.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. அவர்களுடைய ஜாப் கார்டில் வண்டி உள்ளே வந்தபோது இருந்த கிலோமீட்டருக்குக் கட்டம் உண்டு. வெளியே போகும்போது இருப்பதற்குக் கட்டம் இல்லை. இரண்டு எண்களையும் அடுத்தடுத்து அச்சிட்டு, நடுவில் ஓடிய தூரத்தையும் அதன் காரணத்தையும் எழுதினால், என்னைப் போன்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதே இல்லை. மேலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியதாகச் சொன்னார். அது நடக்கும் வரை, காரை எடுக்கும்போது வெளியேறும் எண்ணைப் பில்லின் ஓரத்தில் அட்வைசரின் கையாலேயே எழுதி வாங்குகிறேன்.