டைட்டேனியம் மடக்குக் கத்தியின் பூட்டு: வாழைச்சேனை உப்பில் எப்படி நின்றது

பூட்டு தேய்ந்தது உண்மைதான், ஆனால் வாங்கும்போது ஆட்கள் வெருட்டின அளவுக்கு இல்லை. கத்தி நடுத்தர விலைச் சீனத் தயாரிப்பு, பெயர் வேண்டாம். வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம் வேலை எனக்கு. கயிறு, தங்கூசி, ரெஜிபோம் பெட்டி, பிளாஸ்டிக் பட்டி என்று நாள் முழுக்க ஏதாவது வெட்டிக்கொண்டே இருப்பேன், அதனால் பெட்டிக்குள் வைத்து அழகு பார்த்து எழுதும் விமர்சனம் இல்லை இது.

என் கத்தியின் பூட்டு பிரேம்லொக் வகை. தெரியாதவர்களுக்கு: பிடியின் ஒரு பக்கத் தகட்டையே கீறி வெட்டி, அதையே வில் மாதிரி உள்ளே வளைத்து, விரித்த அலகின் அடியில் முட்டுக்கொடுக்க விடுவார்கள். தென்னாபிரிக்காவில் கத்தித் தொழிலைத் தொடங்கிய கிறிஸ் ரீவ் தன் செபென்சா கத்தியில் கொண்டுவந்த ஏற்பாடு. தகடு பெரும்பாலும் தரம் 5 டைட்டேனியம், அதாவது 6 வீதம் அலுமினியமும் 4 வீதம் வனேடியமும் சேர்ந்த கலவை. ரொக்வெல் அளவில் அதன் கடினம் 36 அளவில்தான் வரும், எதிரே முட்டும் அலகோ 60க்குக் கிட்ட. மென்மையானதும் கடினமானதும் தினமும் உரசினால் எது தேயும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அலகின் அடி நேராக இல்லை, சின்னச் சாய்வாகச் சீவியிருக்கும். கீறி வெட்டிய அந்தத் தகட்டுப் பட்டையின் முகம் தேயத் தேய, பட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே போய் அந்த இடைவெளியை அடைத்துவிடும். புதுக் கத்தியில் முதல் கொஞ்ச நாள் இது கண்ணுக்கே தெரியும், பிறகு முகம் அழுந்திப் பளபளப்பாகி, நகர்வது மெல்ல நின்றுவிடும். பட்டை அலகின் தடிப்பில் பாதிக்குள் நிற்கும்வரை கவலையில்லை. மற்றப் பக்கத் தகட்டைப் போய்த் தொட்டால்தான் கதை முடிந்தது, அதற்குமேல் போக இடமில்லை, அலகு மேலும் கீழும் ஆடத் தொடங்கும்.

இன்னொரு தொல்லை ஒட்டிக்கொள்வது. டைட்டேனியம் உருக்கோடு அழுத்தமாக உரசினால் கடித்துப் பிடிக்கும், பூட்டைத் திறக்கப் பெருவிரல் நோகும். முட்டும் முகத்தில் பென்சிலால் நாலு கீறு கீறிவிட்டால் கொஞ்ச நாளைக்கு அடங்கும். சில கம்பனிகள் அந்த முகத்தில் மின்பொறியால் டங்ஸ்டன் கார்பைட் பூசுகின்றன, செபென்சா 31இல் அந்த இடத்தில் செராமிக் குண்டே வைத்திருக்கிறார்கள். என்னுடையதில் அந்த முகத்தில் ஸ்குரூ போட்டு மாட்டிய தனி உருக்குத் துண்டு, அதுதான் செருகி. தேய்மானத்துக்கு இது நல்ல மருந்து, பட்டை வந்த நாளில் நின்ற இடத்தைவிட்டு மயிரிழைதான் நகர்ந்திருக்கிறது.

அப்புறம் என்ன குறை என்றால், உப்பு. டைட்டேனியத்துக்குக் கடல்தண்ணி ஒன்றும் செய்யாது, ஆனால் டைட்டேனியம் தன்னோடு ஒட்டி நிற்கும் உருக்கை உப்பீரத்தில் இன்னும் வேகமாகக் கறள் பிடிக்க வைக்கும். என் செருகியின் ஸ்குரூ தலை தின்னுப்பட்டு, திருப்புளி பிடிக்காத நிலைக்கு வந்துவிட்டது. பாசிக்குடாவில் படகு வைத்திருக்கும் மச்சான் ஒருவனிடம் செருகியே இல்லாத மொட்டை டைட்டேனியம் ஒன்று இருக்கிறது; பூட்டு பாதி தாண்டிப் போயிருக்கிறது, அவன் கையைச் சுண்டிச் சுண்டிப் படார் என்று விரிக்கிற ஆள், அப்படி அடித்தால் எந்தப் பூட்டும் சீக்கிரம் போகும்தானே. ஆனாலும் அலகு ஆடவில்லை, கறளும் இல்லை!

நல்ல தண்ணியில் கழுவி, துடைத்து, சுழலும் இடத்திலும் ஸ்குரூவிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மணல் போனால் உரசும் இடமெல்லாம் அரம் போட்ட மாதிரிதான். பூட்டைச் சோதிக்கிறேன் என்று அலகின் முதுகை மேசையில் அடிக்காதீர்கள், அந்தச் சோதனையே பூட்டைக் கெடுக்கும்.

கடலோரத்தில் வேலை செய்யாதவர் என்றால் செருகி உள்ளதையே வாங்கலாம். வாங்க முதல், விரித்த கத்தியைப் பின்பக்கமிருந்து எடுத்த படம் கேளுங்கள், பட்டை எங்கே நிற்கிறது என்று அதில் தெரியும். செருகியும் ஸ்குரூவும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நான் ஒரு ஸ்குரூ கேட்டதற்கு, முழுக் கத்தியையும் என் செலவில் திருப்பி அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது.