பீரங்கி நெருப்பும் பேரல் தேய்மானமும்: உப்பா, மெழுகா, குரோமா, குளிர்ந்த மருந்தா?

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டுல இருக்குற நாயக்கர் காலத்து பீரங்கிக்கு போட்டது கருமருந்து, அதுல முக்கால் பங்கு வெடியுப்பு, எரிஞ்சா ஒரே புகை மண்டலம்தான். இப்போ வர்ற வெடிமருந்துல புகை கம்மி, ஆனா குழாய் வாயைத் தாண்டுற கேஸ்ல எரியாத கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் மிச்சம் இருக்கும், வெளிக்காத்து பட்டதும் குப்புன்னு பத்திக்கும், ராத்திரில நம்ம இடத்தை எதிரிக்கு காட்டிக்குடுக்குறதே இந்த ரெண்டாவது நெருப்புதான்.

இதுக்கு மலிவான வைத்தியம் பொட்டாசியம் சல்பேட்ங்கற உப்பு. தனி பையில சார்ஜோட, அதாவது ஒரு தடவை சுட போடுற மருந்துப் பொதியோட, சேர்த்து வச்சா அந்த நெருப்பு அமுங்கிடும். ஆனா புகை கூடும், அதனால ராத்திரிக்கு மட்டும்தான் இது சரி, பேரலுக்கு, அதாவது பீரங்கிக் குழாய்க்கு, ஒரு பிரயோஜனமும் கிடையாது.

பேரல் அதிகமா அடிவாங்குறது மருந்து வைக்கிற அறையைத் தாண்டி ரைஃப்ளிங், அதாவது குண்டைச் சுழல வைக்கிற உள் வரிப்பள்ளம், ஆரம்பிக்கிற இடத்துல. உள்ள விட்டு பார்க்குற ஸ்கோப்புல பார்த்தா அந்த இடம் கோடையில காய்ஞ்ச வயல் மாதிரி பாளம் பாளமா வெடிச்சிருக்கும், அந்த வெடிப்புல சூடான கேஸ் பூந்து இரும்பை அரிக்க அரிக்க குண்டோட வேகம் குறையும், தூரமும் குறையும். குரோம் பூச்சு இதைத் தாங்கும்தான், குரோம் உருகவே கிட்டத்தட்ட 1,900 டிகிரி செல்சியஸ் வேணும், பேரல் இரும்பு சுமார் 1,500லயே உருகிடும். ஆனா பூச்சுலயே மயிர் போல கீறல் இருக்கும், அது வழியா கேஸ் இறங்கி அடி இரும்பை தின்னுட்டா பூச்சு உரிஞ்சு வந்துடும். ஸ்வீடன்காரங்க கொண்டுவந்த டைட்டானியம் டைஆக்சைடு மெழுகு வேற ரகம், துணியில தடவி சார்ஜைச் சுத்தி வச்சா சுடும்போது உருகி குழாய் சுவரை ஒட்டி ஒரு குளிர்ந்த படலமா ஓடும். பழைய பேரலை மாத்தாமலே செய்யலாங்கறது இதுல பெரிய லாபம், நெருப்பை மட்டும் இது அடக்காது.

நெருப்பு, தேய்மானம் ரெண்டையும் ஒண்ணா தொடுறது மூணு-பேஸ் மருந்துதான், அதாவது நைட்ரோசெல்லுலோஸ், நைட்ரோகிளிசரினோட நைட்ரோகுவானிடினும் கலந்தது. கேஸ்ல நைட்ரஜன் கூட இருக்கும், மறுபடி பத்துறதுக்கு சரக்கு கம்மி, சூடும் கம்மி. நைட்ரோகிளிசரின் அதிகமா இருக்குற எம்8ங்கற மருந்து சுமார் 3,700 கெல்வின்ல எரியும், மூணு-பேஸ் மருந்தான எம்30 சுமார் 3,000தான். விலை கூடத்தான், ஆனாலும் புதுசா சார்ஜ் செய்யறதுன்னா என் ஓட்டு இதுக்குத்தான், அது மேல ராத்திரிக்கு கொஞ்சம் உப்பு. இருக்குற பழைய சரக்கை ஓட்டணும்னா மெழுகு போதும். எதைப் போட்டாலும் கிட்ட இருக்குற இலக்குக்கு ஃபுல் சார்ஜ் போடக்கூடாது, சின்ன சார்ஜ்ல பேரல் தேய்மானம் பல மடங்கு கம்மி.