ஃபோம் இயர்பிளக்: ஊர் மாறி வந்த எனக்குத் தூக்கம் தந்தது

கிராமத்திலிருந்து வெளிநாட்டில் ஒரு பெரிய நகரத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. மொழி, வேலை, வழி எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. தூக்கம் மட்டும் வரவில்லை. என் ஜன்னலுக்கு நேர் கீழே நாற்சந்தி. நள்ளிரவு தாண்டியும் பஸ் பிரேக்கின் கிறீச்சொலி, நாலரைக்குக் குப்பை லாரி. ஜன்னலைச் சாத்திவிட்டு போன் ஆப்பில் சத்தத்தை அளந்தேன். 48 டெசிபல். படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. போன் காட்டும் அளவு முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் என் கண் எரிச்சல் பொய்யில்லை.

சரி என்று ஃபோம் இயர்பிளக், அதாவது காதை அடைக்கும் மெத்தென்ற நுரைத் தக்கை, வாங்கினேன். முதல் மூன்று இரவும் வீண். பஞ்சு வைப்பதுபோல் காதில் திணித்திருந்தேன். விடிவதற்குள் இரண்டும் தலையணையில் கிடந்தன. அப்புறம்தான் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். கையைக் கழுவிக்கொண்டு, விரல்களுக்கிடையே திரிபோல மெல்லிசாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் உள்வழி நேராகும். உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அது மெல்ல விரிய விரிய, யாரோ தெருவையே குழாய்போல் திருகி மூடுவது மாதிரி சத்தம் அடங்குகிறது. அன்றைக்கு லாரி வந்ததே தெரியாது எனக்கு.

பெட்டியில் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கிறது. அது ஆய்வுக்கூடக் கணக்கு; வீட்டில் அவ்வளவு கிடைக்காது. கிறீச்சொலியும் பேச்சுக்குரலும் நன்றாகக் குறைகின்றன. பஸ் எஞ்சினின் அடித்தொண்டை உறுமல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்க்காது வலிக்கிறது. அந்தப் பக்கத்தைக் கழற்றிவிடுகிறேன், தலையணையே அடைத்துக்கொள்கிறது. அலாரம் கேட்காமல் ஒருநாள் வேலைக்குத் தாமதமாகிவிட்டது. இப்போது போனை வைப்ரேஷனில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். சில நாளில் ஃபோம் விறைத்துவிடும், அழுக்கும் ஏறும், உடனே மாற்றிவிடுங்கள். காதில் வலியோ சீழோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வைக்க வேண்டாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது தருவது கிராமத்து இரவு இல்லை. அங்கே தவளை, சில்வண்டு, மரத்தில் காற்று என்று ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். இதற்குள் என் மூச்சும் நாடித்துடிப்பும்தான் கேட்கின்றன. முதல் வாரம் அது பயமாகவே இருந்தது, பிறகு பழகிவிட்டது.

5-க்கு 4 கொடுக்கிறேன். இப்படி ஊர் மாறுகிறவர்கள் பெட்டி கட்டும்போதே இரண்டு ஜோடி எடுத்துப் போடுங்கள். போய் இறங்கிய முதல் இரவே தேவைப்படும்.