திங்க்சென்டர் எம்710கியூ டைனி: டிவிக்குப் பின்னால் ஒளியும் பெட்டி

சேர்த்து வைத்த படங்களை டிவியில் ஓட்ட ஒரு கணினி வேண்டும், அது சத்தம் போடக் கூடாது, காசும் அதிகம் விழுங்கக் கூடாது என்றால், டர்பன் நகரக் கடைகளில் செகண்ட்ஹேண்டாகக் கிடைக்கும் லெனோவா திங்க்சென்டர் எம்710கியூ டைனியைத் தாராளமாக வாங்கலாம். 18 செ.மீ. சதுரம், மூன்றரை செ.மீ. தடிமன். ஆனால் நெட்ஃபிளிக்ஸ் மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் இது வேண்டாம். இதில் போடப்போவது லினக்ஸ், அதில் நெட்ஃபிளிக்ஸ் 4கே தராது. ஆண்ட்ராய்டு பெட்டி போதும்.

வாங்கும்போது பிராசஸர் எண்ணைப் பாருங்கள். இதே பெட்டி ஐ5-6400டி-யோடும் வரும், ஐ5-7500டி-யோடும் வரும். கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கம் 7 ஆக இருக்க வேண்டும். 10-பிட் ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கிய படங்களை 7-ஆம் தலைமுறை சிப்பே முழுதாக விரித்துவிடும். 6-ஆம் தலைமுறையில் அந்தச் சுமை பிராசஸர் தலையில் விழும், ஃபேன் அலறும். ஏவி1 என்ற புதிய சுருக்க முறையை விரிக்கும் வசதி இரண்டுக்குமே கிடையாது. அது வேண்டுமென்றால் புதிய இன்டெல் என்100 பெட்டிக்குப் போங்கள், விலை கூடும்.

கடையிலேயே ஆன் செய்து எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) போய்ப் பாருங்கள். பழைய நிறுவனத்தின் பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 20 வோல்ட், 65 வாட் அடாப்டர் கூடவே வருகிறதா, அதன் கேபிளில் நம் ஊர் உருண்டை முள் பிளக் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இதன் பெரிய குறை சத்தம். வாங்கிய அன்றே திறந்துவிடுங்கள்: பின்னால் ஒரே திருகு, மூடியை முன்பக்கம் தள்ளினால் வந்துவிடும். டர்பனின் ஈரக்காற்றில் தூசி பொடியாக இருக்காது, பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே கம்பளி போல அப்பியிருக்கும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். விட்டால் தறிகெட்டுச் சுற்றி பேரிங் கெடும். பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, கொத்தமல்லி விதை அளவு புதிது வையுங்கள். பயாஸில் சத்தம் குறைக்கும் குளிர்விப்பு நிலையைத் தேர்ந்தெடுங்கள். ஹார்ட் டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். இத்தனைக்குப் பிறகும் கரகரவென்றால் பேரிங் போய்விட்டது, எண்ணெய் விட்டுப் பார்ப்பதெல்லாம் வீண், ஃபேனையே மாற்றுங்கள். பெட்டியைக் கதவு மூடிய அலமாரிக்குள் வைத்தால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும்.

விண்டோஸ் 11-க்கு இந்தச் சிப் தகுதியில்லை, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதனால் லிப்ரெலெக் (LibreELEC) என்ற லினக்ஸைப் போடுங்கள். ஆன் செய்தால் நேராகப் படம் ஓட்டும் மென்பொருளான கோடி (Kodi) திரைக்கே போகும், 4 ஜிபி ரேம் தாராளம்.

ஹெச்டிஎம்ஐ 1.4 என்பதால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 30 முறை திரை புதுப்பிப்பு) மேல் போகாது, கர்சர் இழுத்து இழுத்து நகரும். கோடியின் திரையை 1080பி, 60 ஹெர்ட்ஸில் வையுங்கள். படம் தொடங்கும்போது ரிஃப்ரெஷ் ரேட் மாறும்படி அமைத்து, 4கே 24 ஹெர்ட்ஸை அனுமதிப் பட்டியலில் (Whitelist) சேருங்கள். சினிமா 24 ஃபிரேம்தான், ஒன்றும் குறையாது. ஒளியையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் ஹெச்டிஆர் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். டிவி ஸ்பீக்கரில் கேட்பவர்கள் ஆடியோவை 2.0-வில் (இரண்டு ஸ்பீக்கர்) வையுங்கள், 5.1-இல் விட்டால் பாட்டு முழங்கும், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

டிவி ரிமோட் இதற்கு வேலை செய்யாது, ரிமோட்டின் கட்டளையை ஹெச்டிஎம்ஐ வழியே கடத்தும் சிஇசி வசதி இல்லை. யுஎஸ்பி ரிசீவரோடு வரும் ரிமோட் வாங்கினால் அரை மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் செருகுங்கள், பக்கத்து யுஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். போனையே கோடிக்கு ரிமோட்டாக்கும் கோரே செயலி இலவசம்.

லோட் ஷெடிங் முடிந்து கரன்ட் வந்ததும் தானே எழ, பயாஸில் மின்தடைக்குப் பின் ஆன் ஆகும்படி வையுங்கள். அப்படியும் ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போய், அமைப்புகளும் அழிந்தால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது.