ஒரே சாயங்காலத்தில் 31,200 ரூபாய்: ஜிம்முக்குப் புதுசாப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

வருடச் சந்தா 12,000. அட்மிஷன் 1,000. மூன்று மாதப் பர்சனல் ட்ரெயினிங் 15,000. எடை ஏற்றும் கெயினர் பவுடர், மூன்று கிலோ டப்பா 3,200. இவ்வளவையும் கட்டியவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் 22 வயதுப் பையன். எடை 58 கிலோ. அதுவரைக்கும் தம்பிள்ஸைத் தொட்டதே கிடையாது. ஏழு மணிக்குச் சும்மா விசாரிக்க உள்ளே போனவன் ஏழரைக்குள் போனை நீட்டி ஸ்கேன் பண்ணிவிட்டான். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஜிம் பெயர் வேண்டாம். ஈரோடு, கோவை, பொள்ளாச்சி எங்கே போனாலும் இந்த வித்தை உண்டு.

முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு மெஷின் மேல் ஏற்றினார்கள். அது கொழுப்பை நேராக அளப்பதில்லை. உடம்பு வழியாகக் கொஞ்சூண்டு மின்சாரம் விட்டு, எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து, கொழுப்பு இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும். ஷிப்ட் முடிந்து டீயும் வடையுமாக வந்தவனுக்கு 24 சதவீதம் என்று காட்டியதாம். "இப்படியே உட்டா முப்பதுல சுகர் வந்துருங் தம்பி. ஆடி ஆஃபர் வேற இன்னைக்கு நைட்டோட முடியுது." ஆடி போனால் ஆயுத பூஜை ஆஃபர், அப்புறம் தீபாவளி, அப்புறம் நியூ இயர். முடிந்ததாக எந்த ஆஃபரும் சரித்திரத்தில் இல்லை.

அதே ஜிம்மில் மாதக் கட்டணம் 1,500. அப்படியென்றால் வருடச் சந்தா எட்டு மாதப் பணம். எட்டு மாதம் விடாமல் போனால்தான் கணக்கு நேராகும். புதுசாகச் சேருகிறவர் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். வருடச் சந்தாவின் மாதக் கணக்கைவிட 500 ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

அடுத்தது முதல் நாள். 150 தண்டால் பஸ்கி, அதற்கு மேல் பைசெப்ஸுக்கு ராடு: கை தூக்க முடியாத வரைக்கும் போட்டு, எடையைக் குறைத்து மறுபடி போட்டு, மறுபடி குறைத்து. "மாஸ்டர், கை நீட்ட வரமாட்டேங்குதுங்க." "வலிச்சாத்தான் கண்ணு ஏறும்." மறுநாளும் அதே கையில் வேலை. மூன்றாம் நாள் முழங்கை மடங்கினபடியே நின்றுவிட்டது, வீக்கம், சிறுநீர் கடுங்காப்பி நிறம்.

இதற்குப் பெயர் ராப்டோமயோலிசிஸ். பழக்கமில்லாத தசையை அளவுக்கு மேல் வாட்டினால் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடம்பில் தண்ணீர் இல்லாமல் புழுக்கத்தில் செய்தால் ஆபத்து கூடும். புது ஆளுக்கு வலி வருவது சகஜம்தான். ஒன்றிரண்டு நாள் கூடி, மூன்றாம் நாலாம் நாளில் இறங்கிவிடும். வீக்கம், கை நீட்ட முடியாமை, கறுத்த சிறுநீர் வந்தால் அது அந்த வலி இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி போய் தசை உடைந்திருக்கிறதா என்று காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

முதல் நாள் எப்படி இருக்கவேண்டும் என்றால், வெளியே வரும்போது "இவ்வளவுதானா" என்று தோன்றவேண்டும். ஐந்து நிமிடம் நடை. ஆறு கிலோ தம்பிள்ஸை நெஞ்சோடு பிடித்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), செஸ்ட் பிரஸ் (நெஞ்சுக்கு முன்னால் தள்ளுவது), லேட் புல்டவுன் (மேலிருந்து கீழே இழுப்பது), சீட்டட் ரோ (உட்கார்ந்தபடி நம் பக்கம் இழுப்பது). ஒவ்வொன்றிலும் இரண்டு செட், பத்துப் பன்னிரண்டு கவுண்ட். இன்னும் மூன்று கவுண்ட் போடலாம் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. எல்லா செட்டிலும் 12 சுலபமாக வந்தபின் கைக்கு 2.5 கிலோ, காலுக்கு 5 கிலோ ஏற்றலாம். பெரிய ராடு வெறுமனே 20 கிலோ, அதையும் கணக்கில் சேருங்கள். சின்ன ஜிம்களில் ராடு எடை இடத்துக்கு ஒன்றாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். நாலு அடி தள்ளி நின்று போனை நோண்டிக்கொண்டே "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்பதற்கு மாதம் 5,000 தரத் தேவையில்லை.

கெயினர் டப்பாவைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். பெரும்பாலும் முதலில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. 58 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் வீதம், ஒரு நாளைக்குச் சுமார் 93 கிராம் புரதம் போதும். நாலு முட்டை 24, அரை லிட்டர் பால் 16, நூறு கிராம் நிலக்கடலை 25. இதிலேயே 65 வந்துவிடும். மீதி சோறு, கொள்ளுப் பருப்பு, கறியில் தேறும். கடைந்த கொள்ளை விட்டுவிட்டு டப்பா வாங்குவதெல்லாம் அப்புறம். வாங்கியே ஆகவேண்டும் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண் இருக்கிறதா பாருங்கள். லேபிள் இல்லாத கவரில் போட்டுத் தரும் மாத்திரையைத் தொடவே வேண்டாம். அது ஸ்டீராய்டாக இருந்தால் ஈரலும் கெடும், உடம்பு தானாகச் சுரக்கிற டெஸ்டோஸ்டிரோனும் அடங்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்த "நோ ரீஃபண்ட்" வரியைக் காட்டினார்கள். வேண்டுமானால் சந்தாவை இரண்டு மாதம் ஃப்ரீஸ் பண்ணி, அதாவது நிறுத்திவைத்து, தருகிறார்களாம். அந்த வரி இருப்பதால் மட்டும் எல்லாம் முடிந்துபோகாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் பில் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் தேதி போட்டு ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலையும் வையுங்கள். அசையாவிட்டால் 1915க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை.

இந்தப் பையன் பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கியிருந்தார்கள், ஜிஎஸ்டி எண் மட்டும் காணோம். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும், மொத்தம் 15 எழுத்து. அது இல்லாமல் வரி வாங்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கு வரி 18இல் இருந்து 5 சதவீதமாகிவிட்டது, இன்னமும் 18 போடுகிறார்களா பாருங்கள். பில்லே தராத இடமாக இருந்தால் யுபிஐயில் அனுப்பும்போது குறிப்பில் "ஜிம் ஃபீஸ், ஒரு மாதம்" என்று அடித்து அனுப்புங்கள், ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்காதீர்கள்.