ஆப்ப சோடாவா, சலவை சோடாவா?

வீட்டைச் சுத்தம் செய்ய இணையத்தில் எந்தக் குறிப்பைத் தேடினாலும் ஆப்ப சோடாதான் முதலில் வந்து நிற்கிறது. பாத்ரூம் தரை, சட்டைக் காலர், அடுப்பு மேடை, எல்லாவற்றுக்கும் அதுவே மருந்தாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அழுக்குக்கு என்றே சலவை சோடா இருக்கிறது.

ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட், சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட். தண்ணீரில் கரைத்தால் முதலாவதின் பி.எச். அளவு (புளிப்பா, காரமா என்று காட்டும் எண்) 8-ஐ ஒட்டி நிற்கும், இரண்டாவது 11 வரை போகும். பி.எச். ஒரு படி ஏறினாலே காரம் பத்து மடங்கு. எண்ணெய்ப் பிசுக்கை உடைத்து எடுக்க அந்தக் காரம் வேண்டும்.

போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக மிதக்குமே, அது நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் செய்கிற வேலை. முதலில் சலவை சோடாவைக் கரைத்தால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அப்புறம் போடுகிற சோப்பு நன்றாக நுரைக்கும். வெள்ளாவி வைத்தவர்கள் உவர்மண்ணைத் தேடிப்போனதும் இந்தக் கார்பனேட்டுக்காகத்தான். ஆனால் பட்டு, கம்பளி, அலுமினியப் பாத்திரம் மூன்றுக்கும் இது ஆகாது. கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

ஆப்ப சோடாவின் இடம் அடுப்படி. புளித்த மாவில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்ததும் கரியமில வாயு கிளம்பும். ஆப்பத்தின் நடுவில் கண் கண்ணாகத் துளை விழும். ஊற்றுவதற்குச் சற்று முன் ஒரு சிட்டிகை போதும். கூடிப்போனால் மஞ்சள் திட்டு விழும், சோப்பு வாடை அடிக்கும். கொண்டைக்கடலை சீக்கிரம் வேக இதைப் போடுகிறவர்கள் உண்டு. கடலை குழையும், சரி, ஆனால் அதிலுள்ள பி1 வைட்டமினும் போய்விடும். புளிப்பே இல்லாத கேக் மாவுக்கு, அமில உப்பும் கலந்து வருகிற பேக்கிங் பவுடர்தான் சரி.

சுத்தம் செய்வதில் ஆப்ப சோடாவுக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோப்பையில் படிந்த டீ கறையைக் கீறல் விழாமல் தேய்த்து எடுக்கும். வினிகரோடு கலப்பதுதான் வீண்: நுரை பொங்கி அடங்கியதும் காரமும் இல்லை, புளிப்பும் இல்லை, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்.

சோடா என்ற பெயரில் வரும் இன்னொன்றான காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) இந்தப் போட்டியிலேயே சேராது. சோப்பு காய்ச்சுகிறவர்களுக்கு அது தேவை, வீட்டுக்குத் தேவையில்லை. தோலையும் கண்ணையும் அரித்துவிடும். அதைக் கரைக்கும்போது தண்ணீரில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

சலவை சோடா வாங்கினால் டப்பாவில் பெரிதாகப் பெயர் எழுதி, துவைக்கும் சோப்போடு வையுங்கள். பார்வைக்கு அதுவும் ஆப்ப சோடாவும் ஒரே வெள்ளைப் பொடி.