ரெசிஸ்டரை மூன்று முறை மாற்றினேன், பிழை மோட்டரில் இருந்தது

அடைமழைக்குள், காலி வீதியில், பம்பலப்பிட்டிச் சந்தியைத் தாண்டும்போது காரின் புளோவர், அதாவது உள்ளே காற்றைத் தள்ளும் விசிறி, நின்றது. இரண்டு நிமிடத்தில் முன் கண்ணாடி பால் ஊற்றியது போலானது. பக்கத்தில் இருந்த அம்மா லேஞ்சியால் துடைக்கத் துடைக்க மறுபடி மறுபடி படிந்தது. முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு லைட் மட்டும்தான் கலங்கலாகத் தெரிந்தது. ஓரம் கட்டி, கண்ணாடிகளை இறக்கி, நனைந்துகொண்டே வீடு வந்தோம்.

கார் 1998ஆம் ஆண்டு ஜப்பான் தயாரிப்பு. பதினொரு வருடமாக வெள்ளவத்தையில் வைத்து ஓட்டுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது. அந்தக் காலம் முழுக்க இருந்த காரைப் பேணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கொழும்பில் ஹீற்றர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஹீற்றருக்கும் ஏசிக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே விசிறிதான். மழைக்குக் கண்ணாடியில் படியும் ஈரத்தை எடுப்பதும் அதுவே. நுவரெலியாவுக்கு ஏறும்போது ஹீற்றர் வேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் சூடேறினால், ஹீற்றரை முழுக்கத் திறந்து விசிறியைக் கூட்டி, அந்தச் சூட்டில் ஒரு பகுதியை உள்ளே இழுத்து எஞ்சினைக் காப்பாற்றலாம். விசிறி ஓடாவிட்டால் அதுவும் இல்லை.

மழையில் நிற்பதற்கு முன்பு, என் காரில் முதல் அறிகுறி வேறு மாதிரி இருந்தது. விசிறியின் நாலு வேகங்களில் 1, 2, 3 மூன்றும் வேலை செய்யாது, 4 மட்டும் ஓடும். இதைக் கேட்டதும் எந்த கராஜ் பாஸும் ரெசிஸ்டர் என்று சொல்லிவிடுவார், அது சரியும்கூட. ரெசிஸ்டர் என்பது கரண்ட்டைக் குறைத்து விசிறியை மெதுவாக்கும் சுருள் கம்பிகள். குறைந்த வேகங்களில் கரண்ட் அவற்றின் வழியாகப் போகிறது, நான்காவதில் அவற்றைத் தொடாமல் நேரே போகிறது. மாற்றினேன், ஓடியது. எட்டு மாதத்தில் மறுபடி அதே கதை. மறுபடி மாற்றினேன். மூன்றாவது ரெசிஸ்டர் நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. அதோடு அதை வயரோடு இணைக்கும் சொக்கெற்றின் பிளாஸ்டிக்கும் பழுப்பாகி உருகியிருந்தது.

நாலாவதைத் தேடி, வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பாவித்த சாமான் விற்கும் ஒரு நானா, நான் நீட்டிய எரிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சும்மா எரியாது. மோட்டர் எவ்வளவு கரண்ட் இழுக்குதெண்டு பார்த்தீங்களா?" என்று கேட்டார். அவர் நினைத்திருந்தால் பேசாமல் இன்னொன்றை விற்றுக் காசை வாங்கியிருக்கலாம். அந்த ஒரு கேள்விக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கரண்ட்டை அளக்கச் சாதாரண மல்ரிமீற்றர் போதாது. பெரும்பாலானவை 10 அம்பியருக்கு மேல் தாங்காது. காரின் பற்றரி தரும் டிசி மின்சாரத்தை அளக்கக்கூடிய கிளாம்ப் மீற்றர், அதாவது வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் மீற்றர், வேண்டும். மலிவான கிளாம்ப் மீற்றர்கள் பல வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை மட்டுமே அளக்கும், வாங்குமுன் பாருங்கள். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி, குளோவ் பொக்ஸைக் கழற்றி, மோட்டருக்குப் போகும் வயரில் மாட்டி, நான்காம் வேகத்தில் விட்டேன். 24 அம்பியர். பியூஸ் 30 என்பதால் அது எரியாமல் பேசாமல் இருந்திருக்கிறது. எரிவதெல்லாம் ரெசிஸ்டரும் சொக்கெற்றும்தான். சொக்கெற்றின் இரண்டு பக்கமும் மீற்றரை வைத்தபோது ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலைந்திருந்தது. 24ஐ ஒன்றரையால் பெருக்கினால் 36 வாட். ஒரு சின்ன சோல்டரிங் அயனின் சூடு அது. பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

மழையில் நின்ற நாளுக்கு அடுத்த நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் சறுக்குவது அங்கேதான். கராஜில் மோட்டரின் இரண்டு வயரிலும் டெஸ்ட் லைட் எரிந்ததைப் பார்த்துவிட்டு, வயரிங் ஷோட் என்று டாஷ்போட்டையே கழற்றப் பார்த்தார்கள். என் கார் போன்ற பல ஜப்பான் கார்களில் மோட்டருக்குப் பற்றரி நேராக ரிலே வழியாக வருகிறது. ரெசிஸ்டரும் சுவிட்சும் இருப்பது எர்த் பக்கம், அதாவது கரண்ட் பற்றரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பக்கம். சுவிட்ச் நிறுத்தியிருக்கும்போது மோட்டரின் சுருள் ஊடாக மறுபக்கமும் 12 வோல்ட் காட்டும், அது பிழையே அல்ல. சுவிட்சை 4இல் வைத்து, மீற்றரின் இரண்டு முனையையும் மோட்டரின் இரண்டு வயரிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 12 காட்டியும் விசிறி சுற்றாவிட்டால் மோட்டர் போய்விட்டது. இரண்டு வயரும் காரின் இரும்பு உடலுக்கு 12 காட்டி, இடையில் ஒன்றுமே இல்லாவிட்டால் எர்த் பக்கம்தான் விடுபட்டிருக்கிறது. எனக்கு 12 காட்டியது. மோட்டரின் பின்பக்கத்தை ஸ்குரூடிரைவர் பிடியால் மெதுவாகத் தட்டினேன், சுற்றத் தொடங்கியது. மோட்டரின் சுற்றும் பகுதிக்குக் கரண்ட்டைக் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் செய்யும் வேலை அது.

கழற்றியபோது காரணமும் கையில் வந்தது. எங்கள் ஒழுங்கையில் வேப்பமரத்தின் கீழ்தான் காரை விடுவேன். வைப்பருக்குக் கீழே உள்ள வலை கிழிந்து, இந்தக் காரில் கபின் பில்டரும் இல்லாததால், இலைகள் நேரே விசிறிக் கூட்டுக்குள் போய் ஈரத்தில் ஊறிக் கிடந்தன. தண்ணீர் இறங்கித் தண்டில் துரு, தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்து இறுகியிருந்தது. கையால் சுற்றினால் ஒரு சுற்றுக்கூட முழுதாய் ஓடவில்லை. இறுகிய மோட்டர் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றும் மோட்டர் கூடுதல் கரண்ட் இழுக்கும். இரண்டு வருடமாக நான் எரிந்ததை மாற்றிக்கொண்டிருந்தேன், எரித்ததைத் தொடவில்லை.

புஷ்ஷுக்கு எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும் என்றார்கள். பிரஷ்ஷும் தேய்ந்திருந்ததால் நான் அதற்கு மினக்கெடவில்லை. அதே நானாவிடம் பாவித்த மோட்டர் ஒன்றை, கடையிலேயே பற்றரியில் மாட்டி அளந்து, சத்தமும் கேட்டு வாங்கினேன். சொக்கெற்றை வயரோடு வெட்டி வேறு போட்டேன். புது ரெசிஸ்டர் ஒன்றும். வலைக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத கம்பிவலை வெட்டி வைத்தேன். காரில் மாட்டி அளந்தபோது 15 அம்பியர்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அந்த ரெசிஸ்டர்தான் இன்னமும் இருக்கிறது, நாலு வேகமும் ஓடுகிறது. ஏப்ரலில் அம்மாவை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனபோது றம்பொடைக்கு மேலே மூடுபனிக்குள் ஹீற்றரும் கண்ணாடியும் ஒரு குறையும் வைக்கவில்லை. போன மாதம் கிளாம்ப் மீற்றரை மறுபடி இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். 15தான்.